பழைய கணினியில் டிஸ்க்கின் வேகம் எங்கே நின்றுபோகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொண்டு பதிலுக்கு வருகிறேன். மேலூரில் உங்கள் ஸ்டூடியோவில் இரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன. முதலாவது இன்டெல் 865 சிப்செட் போர்டில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பென்டியம் 4. அதில் ஒரே கேபிளில் இரண்டு 80 ஜிபி ஐடிஇ (பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க்குகள், ஒரு பிசிஐ ஸ்லாட்டில் (கூடுதல் கார்டு செருகும் இடம்) சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த டிஸ்க் இணைப்பு) கார்டு, அந்தக் கார்டில் பல வருடத்துக் கல்யாணப் படங்கள் நிறைந்த 2 டிபி டிஸ்க், பக்கத்து ஸ்லாட்டில் கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஆகியவை உள்ளன. இரண்டாவது ஜி31 போர்டில் ஓடும் கோர் 2 டியோ. அதில் புதிதாக ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் பதிவு செய்யும் டிஸ்க்) மாட்டியிருக்கிறீர்கள். எஸ்எஸ்டி பெட்டியில் வினாடிக்கு 550 மெகாபைட் என்று அச்சிட்டிருக்க, சோதித்துப் பார்த்தால் 260-க்கு மேல் வரவில்லை. முதல் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகப் படங்களை எடுத்தாலோ வினாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டவில்லை. இரண்டுக்கும் புதிய கன்ட்ரோலர் கார்டு (டிஸ்க்கை இயக்கும் கார்டு) வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். ஒரு கணினியில் அந்தக் கார்டால் பயன் இராது. மற்றொன்றில் இப்போது கிடைக்கும் வேகமும் குறைந்துபோகும். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வரும் பேருந்து நான்கு வழிச்சாலையில் எவ்வளவு விரைந்து வந்தாலும், பழங்காநத்தத்தைத் தாண்டிப் பெரியார் நிலையத்துக்குள் நுழைய ஆகும் நேரம்தான் பயண நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். கணினிக்குள்ளும் அப்படித்தான். டிஸ்க்கின் தட்டிலிருந்து கிளம்பும் தரவு முதலில் கேபிளையும், பிறகு கன்ட்ரோலரையும், அதன் பிறகு பஸ்ஸையும் (பாகங்களுக்கு இடையே தரவு ஓடும் கம்பித்தடம்), கடைசியாக இரண்டு சிப்களுக்கு இடையில் உள்ள இணைப்பையும் கடந்துதான் நினைவகத்துக்குப் போய்ச் சேர்கிறது. இவற்றுள் எது மிகக் குறுகலோ அதன் அளவே நம் கைக்குக் கிடைக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அந்த வழியில் மிக அகலமான இடத்தின் அளவு. இந்த வழியில் வரும் பஸ்ஸைக் கணினிக் கலைச்சொற்களில் ‘பாட்டை’ என்கிறார்கள். பாதை என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருப்பதால் அது எனக்குப் பிடிக்கும். ஆனால் கடையில் போய்ப் பாட்டை என்று கேட்டால் ரேடியோவை முடுக்கி விடுவார்கள் என்பதால் இங்கே பஸ் என்றே எழுதுகிறேன்.

எண்களை ஒப்பிடுவதற்கு முன் அலகைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சாட்டாவின் முதல் தலைமுறையை வினாடிக்கு 1.5 கிகாபிட் என்பார்கள். எட்டு பிட் ஒரு பைட் என்று படித்தவர்கள் அதை எட்டால் வகுத்து 187 மெகாபைட் என்று கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் அந்தக் கம்பியில் ஒவ்வொரு எட்டு பிட்டும் பத்து பிட்டாக மாற்றப்பட்டே அனுப்பப்படுவதால் பத்தால் வகுக்க வேண்டும். ஆகவே முதல் தலைமுறை 150 மெகாபைட், 3 கிகாபிட் தலைமுறை 300, 6 கிகாபிட் தலைமுறை 600. பிசிஐக்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும். இவை எல்லாம் மேல் எல்லைகள். கட்டளைகள், பிழை சரிபார்ப்பு, காத்திருப்பு எல்லாம் போக நடைமுறையில் கிடைப்பது இவற்றில் பத்து முதல் இருபத்தைந்து விழுக்காடு வரை குறைவாகவே இருக்கும்.

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் ஐபிஎம் ஏடி கணினியோடு வந்த 16 பிட் பஸ்தான் பிறகு ஐஎஸ்ஏ என்று பெயர் பெற்றது. 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் குறைந்தது இரண்டு கடிகாரத் துடிப்புகள் எடுத்துக்கொள்ளும் அந்த பஸ்ஸில் வினாடிக்கு 8 மெகாபைட்தான் உச்சம். அதிலும் பாதி கிடைத்தால் பெரிது. ஐடிஇ டிஸ்க்கை அந்த பஸ்ஸின் நீட்சியாகவே வடிவமைத்தார்கள்; ஏடிஏ என்ற பெயரில் முதலில் வரும் ‘ஏடி’ அந்தக் கணினியின் பெயர்தான். 486 செயலிகளின் காலத்தில், 1992-இல், செயலியின் பஸ்ஸோடு நேரடியாக ஒட்டிக்கொண்ட விஎல் பஸ் வந்தது. நான் தொழில் பழகிய நாட்களில் அந்த நீண்ட கார்டுகளை ஸ்லாட்டில் இறக்கும்போதெல்லாம் போர்டு வளைவதைப் பார்த்து உள்ளங்கை வேர்க்கும். அதே 1992-இல் இன்டெல் அறிவித்த பிசிஐ சில ஆண்டுகளில் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது. நான்கு பைட் அகலமும் 33 மெகாஹெர்ட்ஸ் வேகமும் சேர்ந்து அதற்கு வினாடிக்கு 133 மெகாபைட் திறன் இருந்தது. டிஸ்க்குகள் வினாடிக்கு ஐந்தாறு மெகாபைட் தந்த அந்தக் காலத்தில் அது வற்றாத கடலாகத் தோன்றியது.

உங்கள் முதல் கணினியின் சிக்கல் அந்த 133-இல்தான் இருக்கிறது. அது ஒரு ஸ்லாட்டுக்கு உரிய அளவு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போர்டில் இருக்கும் எல்லா பிசிஐ ஸ்லாட்டுகளுக்கும் சேர்த்தே அவ்வளவுதான். நம் ஊர் விளக்குத்தூண் பக்கத்துச் சந்துகளில் ஒரு நேரத்தில் ஒரு தள்ளுவண்டிதான் போக முடியும் என்பதைப் போல, அந்த பஸ்ஸில் எந்தக் கணத்திலும் ஒரே ஒரு கார்டுதான், ஒரே ஒரு திசையில், தரவை அனுப்ப முடியும். அதுவும் முழு நேரமும் சரக்கு ஓடுவதில்லை. முகவரியும் தரவும் ஒரே கம்பிகளில் மாறி மாறிப் போவதால், ஒவ்வொரு பரிமாற்றமும் பஸ்ஸைக் கேட்டு வாங்கி, முகவரியைச் சொல்லி, எதிர்முனை தயாராகும் வரை சில துடிப்புகள் காத்திருந்த பிறகே தொடங்குகிறது. ஒரு முறை பஸ் கிடைத்ததும் நூற்றுக்கணக்கான பைட்டுகளைத் தொடர்ச்சியாக அனுப்பினால் இந்தச் செலவு தெரியாது. 32 பைட் மட்டும் அனுப்பிவிட்டு விட்டுக்கொடுக்க நேர்ந்தால், எட்டுத் துடிப்பு வேலைக்குக் கிட்டத்தட்ட அதே அளவு துடிப்புகள் வீணாகும். ஆகையால் நல்ல கார்டு ஒன்று தனியாக ஓடும்போது 90 முதல் 110 மெகாபைட் வரை கிடைக்கும். இரண்டு கார்டுகள் போட்டியிட்டால் கூட்டுத்தொகை அதைவிடக் குறையும்.

மேலூர்க் கணினியில் ஒரு படம் நெட்வொர்க்குக்குப் போகும் பாதையை இப்போது பார்ப்போம். 2 டிபி டிஸ்க்கிலிருந்து சாட்டா கார்டுக்கு வந்த தரவு பிசிஐ பஸ்ஸைக் கடந்து நினைவகத்துக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பவும் அதே பிசிஐ பஸ்ஸைக் கடந்து நெட்வொர்க் கார்டுக்கு வருகிறது. ஒவ்வொரு பைட்டும் அந்தச் சந்தில் இரண்டு முறை நடக்கிறது. நடைமுறையில் கிடைக்கும் 90 அல்லது 100-ஐ இரண்டாக வகுத்து, இரு கார்டுகளும் மாறி மாறி பஸ்ஸைப் பிடுங்குவதால் வரும் சேதாரத்தையும் கழித்தால் நீங்கள் பார்த்த 40 வந்துவிடுகிறது. இதில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. இந்த அமைப்பில் எவ்வளவு விலை உயர்ந்த பிசிஐ சாட்டா கார்டு வாங்கி மாட்டினாலும், அதுவும் அதே சந்தில்தான் வண்டி ஓட்ட வேண்டும்.

இதற்கு மருந்து உங்கள் போர்டிலேயே இருக்கிறது. ஏன் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. சிப்செட் என்பது போர்டில் உள்ள இரண்டு துணைச் சிப்கள்: செயலியையும் நினைவகத்தையும் இணைப்பது வடபாலம், டிஸ்க் முதலியவற்றை இணைப்பது தென்பாலம். 2003-இல் வெளிவந்த 865 சிப்செட்டோடு வழக்கமாக வரும் ஐசிஎச்5 என்ற தென்பாலச் சிப்பில் இரண்டு சாட்டா இணைப்புகள் உண்டு. ஸ்லாட்டில் மாட்டும் கார்டுகளோடு பிசிஐ பஸ்ஸைப் பங்குபோட வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. அவை சிப்புக்குள்ளேயே இருந்து, வடபாலத்துக்குப் போகும் 266 மெகாபைட் திறனுள்ள தனி இணைப்பை நேரடியாகப் பயன்படுத்துகின்றன. 2 டிபி டிஸ்க்கின் கேபிளைக் கார்டிலிருந்து எடுத்துப் போர்டில் செருகிவிட்டால், பிசிஐயை ஒவ்வொரு பைட்டும் ஒரு முறை மட்டும், நெட்வொர்க் கார்டுக்காக, கடக்கும். சில 865 போர்டுகளில் கிகாபிட் நெட்வொர்க் சிப்பைப் பிசிஐயில் வைக்காமல், சிஎஸ்ஏ என்ற தனி இணைப்பின் மூலம் வடபாலத்தோடு நேரடியாகச் சேர்த்திருப்பார்கள். உங்கள் போர்டின் பின்புறத்தில் நெட்வொர்க் துளை இருந்து அது கிகாபிட் என்றும் தெரியவந்தால், கார்டைக் கழற்றிவிட்டு அதையே பயன்படுத்திப் பாருங்கள். பிசிஐ முழுவதுமாக வழியிலிருந்து விலகிவிடக்கூடும். 60 மெகாபைட்டைத் தாண்டினாலே அந்த வயதுக் கணினிக்கு அது நல்ல பலன் என்று சொல்வேன். எக்ஸ்பியின் கோப்புப் பகிர்வு முறையே அதற்கு மேல் தடுமாறத் தொடங்கிவிடும்.

மாற்றும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஐடிஇ அமைப்புப் பகுதியில் சாட்டா இணைப்புகளைப் பழைய முறையில் இயக்குவதா, ‘என்ஹான்ஸ்டு’ முறையில் இயக்குவதா என்று ஒரு தேர்வு இருக்கும். எக்ஸ்பி ஓடும் கணினியில் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் சாட்டா டிஸ்க்குக்கு இடம் விட ஐடிஇ டிஸ்க்குகளில் சில காணாமல் போகும். எக்ஸ்பியில் முதல் சர்வீஸ் பேக்காவது (மைக்ரோசாஃப்டின் திருத்தத் தொகுப்பு) இருக்க வேண்டும் என்பது இரண்டாவது விஷயம். அதற்கு முந்தைய பதிப்புக்கு 28 பிட் முகவரி மட்டுமே தெரியும் என்பதால் 137 ஜிபிக்கு அப்பால் இருப்பது அதற்குப் புரியாது. புரியாமல் எழுதத் தொடங்கினால் முன்பகுதியில் இருப்பதை அழித்துவிடும். இன்டெல் சிப் என்பதால் புதிய டிஸ்க்கோடு வேகத்தை இறக்கிப் பேசிக்கொள்வதில் தகராறு வராது என்று எதிர்பார்க்கலாம். அதே காலத்து வியா விடி8237 சிப்பில் 3 கிகாபிட் டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க்கே தெரியாமல் போவது அந்நாளில் பரவலாக அறியப்பட்ட குறை. டிஸ்க்கின் பின்னால் ஒரு ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) போட்டு 1.5 கிகாபிட்டுக்குக் கட்டிப்போட்டால்தான் வேலை செய்யும்.

அடுத்தது ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு 80 ஜிபி டிஸ்க்குகள். ஐடிஇ கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் எனப்படும் இரண்டு டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒன்றுக்குக் கொடுத்த கட்டளை முடியும் வரை மற்றது வாய்மூடி இருக்க வேண்டும் என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும்போது வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. ஒன்றை இரண்டாவது ஐடிஇ இணைப்புக்கு மாற்றினால் இந்தத் தடை தீரும். மாற்றும் கேபிள் 80 இழை உள்ளதாக இருக்கட்டும். இரண்டு வகைக் கேபிளின் முனையிலும் 40 துளைகளே இருப்பதால் ஒன்றுபோலத் தோன்றும்; விரலால் தடவினால் 80 இழைக் கேபிளின் வரிகள் நெல்லுமித் தடிமனுக்கு நெருக்கமாக இருப்பது தெரியும். கூடுதலாக உள்ள 40 இழைகளும் தரையோடு இணைக்கப்பட்டவை. பக்கத்துக் கம்பிகளின் குறிப்புகள் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பதே அவற்றின் வேலை. அவை இல்லாவிட்டால் ஐடிஇயின் வேகமான முறையான அல்ட்ரா டிஎம்ஏ 33 மெகாபைட்டோடு நின்றுவிடும். 66, 100 ஆகிய வேகங்கள் கிடைக்கா.

இந்த இடத்தில் எக்ஸ்பி செய்யும் ஒரு குறும்பையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘கம்ப்யூட்டர் தேய்ந்துவிட்டது’ என்று என்னிடம் வந்த பழைய கணினிகளில் கணிசமானவற்றின் நோய் இதுதான். டிஸ்க்கிலிருந்து வரும் தரவில் பிழை தென்பட்டால் எக்ஸ்பி அதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. பிழைகள் சேர்ந்து ஆறைத் தொட்டதும், அந்த இணைப்பு அல்ட்ரா டிஎம்ஏயிலிருந்து படிப்படியாக இறக்கப்பட்டுக் கடைசியில் பிஐஓ என்ற மெதுவான பழைய முறைக்குத் தள்ளப்படுகிறது. டிஎம்ஏயில் கன்ட்ரோலரே தரவை நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும். பிஐஓவில் செயலி ஒவ்வொரு இரண்டு பைட்டையும் தானே வாங்கி வைக்க வேண்டும். அதன் உச்சமான நான்காம் முறையில் ஏட்டில் 16.7 மெகாபைட் என்று இருந்தாலும், கைக்கு வருவது சில மெகாபைட்தான். சில வருடங்களுக்கு முன் மதுரையில் ஓர் அச்சகத்தில் கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்று அழைத்தார்கள். பாட்டு விட்டு விட்டு ஒலித்தது. கோப்பைப் படியெடுக்கும்போது மவுஸ் துள்ளியது. டிவைஸ் மேனேஜரில் முதன்மை ஐடிஇ சேனலின் பண்புகளைத் திறந்தால், நடப்பு முறை பிஐஓ என்று நின்றது. பெட்டி மூடியின் விளிம்பில் மடிந்து இரண்டு இழைகள் நசுங்கிய கேபிளே காரணம். கேபிளை மாற்றி, அந்தச் சேனலை டிவைஸ் மேனேஜரில் நீக்கிவிட்டு மறுமுறை தொடங்கியதும் எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டெடுத்துப் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அவர்கள் புதுக் கணினிக்கு விலை விசாரித்து முடித்திருந்தார்கள். உங்கள் இரண்டு சேனல்களையும் முதலில் இப்படித் திறந்து பாருங்கள்.

இனி ஜி31 கணினி. அதில் இருக்கும் ஐசிஎச்7 சிப்பின் சாட்டா இணைப்புகள் 3 கிகாபிட் வகை. அதாவது 300 மெகாபைட் மேல் எல்லை. அதில் 260 கிடைப்பது மிக நல்ல விளைவு. அதற்கு மேல் அந்த இணைப்பில் எதிர்பார்க்க இடமில்லை. இங்கேதான் கடைக்காரர் ‘6 கிகாபிட் கார்டு’ ஒன்றை எடுத்து நீட்டுவார். அந்தச் சிறிய கார்டு, தரவுக்கு ஒரே ஒரு தடம் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒற்றை வழி வகையைச் சேர்ந்தது. அதில் உள்ள சிப் இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டில் 500 மெகாபைட் வரை கடத்தும் என்பது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் போர்டின் ஸ்லாட்டோ முதல் தலைமுறை. ஒரு வழிக்கு 250 மெகாபைட்தான் எல்லை, பொட்டலங்களின் தலைப்புச் செலவு போக 200-ஐ ஒட்டியே கிடைக்கும். பெயரில் 6 கிகாபிட் உள்ள கார்டை வாங்கி மாட்டிய பிறகு 260 என்பது 200 ஆகும். கிராபிக்ஸ் கார்டுக்குரிய நீளமான ஸ்லாட்டில் செருகினாலும் பலன் ஒன்றுதான். பதினாறு வழிகள் திறந்திருந்தாலும் ஒற்றை வழிக் கார்டு ஒன்றில்தான் ஓடும். அந்த ஸ்லாட்டும் ஜி31-இல் முதல் தலைமுறைதான்.

அந்த 260-க்கும் 550-க்கும் உள்ள வேறுபாடு உங்கள் வேலையில் எப்போது தெரியும் என்றும் யோசித்துப் பாருங்கள். பெரிய வீடியோ கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது மட்டுமே அது தெரியும். ஆயிரம் கல்யாணப் படங்களின் சிறுபடங்களைத் திரையில் வரவழைக்கும்போது டிஸ்க் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டுகளைத் தேட வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்கில் தேவையான இடம் ஊசியின் கீழே வர, சராசரியாக அரைச் சுற்றுக்கு 4.17 மில்லிவினாடி ஆகும். ஊசிக்கை நகர ஏறத்தாழ இன்னொரு 9 மில்லிவினாடி. வினாடிக்கு 75 தேடல்தான் நடக்கும். ஒவ்வொன்றிலும் 4 கிலோபைட் எடுத்தால் வினாடிக்கு 300 கிலோபைட், மெகாபைட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கேபிள் 33 ஆனாலும் 600 ஆனாலும் இந்த எண் அசையாது. எஸ்எஸ்டியில் சுழற்சியும் இல்லை, கை நகர்வும் இல்லை என்பதால் அதே வேலை பல மடங்கு விரைவாக முடிகிறது. அந்த லாபம் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 150 மெகாபைட் இணைப்பில் மாட்டியிருந்தாலும் அதில் பெரும்பகுதி கிடைத்திருக்கும்.

சோதனை மென்பொருள்கள் காட்டும் எண்களிலும் எச்சரிக்கை தேவை. ‘பர்ஸ்ட்’ வேகம் என்று காட்டுவது டிஸ்க்கின் உள்நினைவகத்திலிருந்து கேபிள் வழியாக வருவதன் வேகம். தட்டிலிருந்து வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தட்டிலும்கூட வெளிச்சுற்றில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு பதிவாகியிருப்பதால் அங்கே 120 தரும் டிஸ்க் உட்சுற்றில் 60-க்கு இறங்கிவிடும். நிறைந்த டிஸ்க் மெதுவாக இருப்பதாக நீங்கள் உணர்ந்தால் அது பிரமை அன்று.

2 டிபி டிஸ்க்கைப் பற்றி ஒன்று விட்டுப்போய்விட்டது. அந்த அளவு டிஸ்க்குகள் பெரும்பாலும் உள்ளே 4 கிலோபைட் துண்டுகளாகப் பதிவு செய்பவை. எக்ஸ்பி அதன் முதல் பிரிவை (பார்ட்டிஷன்) 63-ஆவது செக்டரில் தொடங்கும் வழக்கமுடையது. ஒரு செக்டர் 512 பைட்; எட்டு சேர்ந்தால் ஒரு 4 கிலோபைட் துண்டு. 63 எட்டால் வகுபடாது என்பதால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு துண்டுகளின் மேல் கால் வைக்கிறது, டிஸ்க் இரண்டையும் படித்துத் திருத்தி மீண்டும் எழுதுகிறது. படிப்பதில் இது உறைக்காது, எழுதும்போது நன்றாகவே உறைக்கும். பிரிவை விண்டோஸ் 7 அல்லது லினக்ஸ் ஓடும் கணினியில் வைத்து உருவாக்கினால் இது வராது. ஆனால் படங்கள் நிறைந்த டிஸ்க்கில் இதற்காக இப்போது கை வைக்காதீர்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். எந்தக் கேபிளையும் தொடுவதற்கு முன், 80 ஜிபி டிஸ்க்குகள் இரண்டிலும் உள்ளதை, இப்போதைய மெதுவான வேகத்திலேயே, ஜி31 கணினிக்குப் படியெடுத்துவிடுங்கள். இருபது வயதை நெருங்கிய டிஸ்க் ஒருமுறை அணைந்த பிறகு மீண்டும் சுழலும் என்பதற்கு உறுதி கிடையாது. பிறகு டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். அடுத்துக் கணினியை அணைத்து 2 டிபி டிஸ்க்கைப் போர்டின் சாட்டா இணைப்புக்கு மாற்றி, பயாஸைச் சரிசெய்து, நெட்வொர்க் வழியாக அதே படக் கோப்புறையை மறுபடியும் எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்டுக்காக ஒதுக்கிய பணத்தில் இரண்டு 80 இழைக் கேபிள்களும், போர்டின் பேட்டரி பழையதாக இருந்தால் ஒரு சிஆர்2032-உம் வாங்குங்கள். பயாஸில் நீங்கள் செய்யும் மாற்றம் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகும் இருக்க வேண்டும் அல்லவா.